பொது வைஃபையும் விபிஎன்னும்: சாவி யார் கையில்?

வாசகர் கடிதம்:

தம்பிக்கு, எனக்கு 61 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொதுவானது. பராமரிப்புக் கணக்கு எழுதுவது நான். வளவுக்குள் போன் சிக்னல் சுத்தமாகக் கிடைக்காது. அதனால் சாயங்காலம் பக்கத்துத் தெருவில் வீட்டை ஹோட்டலாக்கி நடத்தும் உறவுக்காரர் இடத்துக்குப் போய், அங்கிருக்கும் வைஃபையில்தான் மகனோடு பேசுவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, பங்காளிகளுக்குக் கணக்கு அனுப்புவது எல்லாம். சென்னைக்குப் போகும்போது காரைக்குடி ஜங்ஷன் வைஃபையும் உண்டு. போன மாதம் என் தம்பி மகன், "அயித்தை, பொது வைஃபை ஆபத்து" என்று சொல்லி இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் விளம்பரம். வங்கிச் செயலியோ திறக்க மறுக்கிறது. மாப்பிள்ளை, "காசு கொடுத்து வாங்குங்கள், மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 85 சதவீதம் தள்ளுபடி" என்று வேறொரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். எனக்கு இது தேவைதானா? தேவை என்றால் எதை நம்புவது? சட்டப்படி இது சரியா?

பதில்:

ஆச்சி, வணக்கம்.

மற்றதெல்லாம் பிறகு. விபிஎன் என்பது உங்கள் போனின் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வசதி. தம்பி மகன் போட்டுக் கொடுத்த அந்தச் செயலியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போனின் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் விபிஎன் என்று இருக்கும். அங்கே அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, முதலில் அதை நீக்குங்கள். பிறகு செயலியை அழியுங்கள். பாதுகாப்புப் பகுதியில் 'பயனர் சான்றிதழ்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அது காலியாக இருக்கவேண்டும். அந்தச் செயலி ஏதாவது சான்றிதழை நிறுவச் சொல்லி, நீங்களும் சரி என்று தொட்டிருந்தால், அது அங்கேதான் உட்கார்ந்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். இவ்வளவும் முடிந்தபின் வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, மொபைல் டேட்டாவில் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பணம் போயிருக்கும் என்று பயந்து இதைச் சொல்லவில்லை. அந்நியர் ஒருவர் ஒரு மாதம் வீட்டில் தங்கிவிட்டுப் போனால் பூட்டை மாற்றுவோம் இல்லையா, அதற்காகத்தான்.

தம்பி மகனைக் கோபிக்க வேண்டாம். அவர் சொன்ன எச்சரிக்கை தவறில்லை, எடுத்துக் கொடுத்த மருந்துதான் தவறு.

பொது வைஃபை ஆபத்து என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், இன்றைக்கு எவ்வளவு பயப்படவேண்டும் என்பதும் விளங்கும். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஃபயர்ஷீப் என்ற சிறு நிரலை வெளியிட்டார். காபிக் கடையில் உட்கார்ந்து அதை இயக்கினால் போதும். அதே வைஃபையில் இருப்பவர்களில் யார் யார் ஃபேஸ்புக்கில் நுழைந்திருக்கிறார்கள் என்று பெயரும் படமுமாக வரிசையாக வந்து நிற்கும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் கணக்குக்குள்ளேயே போய்விடலாம். அந்தக் காலத்தில் பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல்லை வாங்கும் நேரம் மட்டும் மறைகுறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்துவிட்டு, அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் திறந்த தபால் அட்டைபோல அனுப்பிக்கொண்டிருந்தன. இணைய நிறுவனங்கள் செய்யும் தவறை எல்லோர் கண்ணுக்கும் காட்டவே பட்லர் அதை வெளியிட்டார். பலன் கிடைத்தது. 2013-க்குள் ஃபேஸ்புக், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுவதுமாக மாறியது. 2015-இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதற்கான சான்றிதழ்களை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, அந்த முறைக்கு மாறாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை குத்துகிறது.

ஆகவே இன்றைக்கு உங்கள் வங்கியோடும், வாட்ஸ்அப்பில் மகனோடும் நீங்கள் பேசுவது ஏற்கெனவே பூட்டிய பெட்டியில்தான் போய் வருகிறது. ஹோட்டல் வைஃபையில் இருக்கும் வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. விபிஎன் விளம்பரங்கள் இந்த உண்மையைச் சொல்வதே இல்லை. 2010-ஆம் வருடத்துப் பயத்தை இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கின்றன.

அப்படியென்றால் விபிஎன்னே வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். பெட்டியைத் திறக்க முடியாது, சரி. ஆனால் பெட்டி எந்த வீட்டுக்குப் போகிறது என்ற விலாசம் வெளியில் எழுதியிருக்கிறதே!

பல வருடங்களுக்கு முன் காரைக்குடிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாணக் காலம், எல்லா அறையிலும் ஆட்கள். ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தபோது அதன் பதிவேட்டில் எந்தக் கருவி எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்பது நேரத்தோடு வரிசையாக இருந்தது. விடுதிக்காரருக்கு அப்படி ஒரு பதிவேடு இருப்பதே தெரியாது. ரூட்டரோடு வந்த வசதி அது. ஒரு கருவி, நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் தளத்தையே திரும்பத் திரும்பக் கேட்டிருந்தது. அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. ஆனால் கீழே பந்தியில் சிரித்துக்கொண்டு பரிமாறுகிறவர்களில் யாரோ ஒருவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாத விஷயம். அந்தப் பதிவை அழித்து, அந்த வசதியையும் நிறுத்திவிட்டு வந்தேன். அந்தரங்கம் என்று நான் பேசும்போதெல்லாம் மனதில் வருவது அந்த ஒரு வரிசைதான். "மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் உறவுக்காரர் அப்படிப் பார்க்கிறவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வைஃபையின் கடவுச்சொல் வரவேற்பு மேசையில் ஒட்டியிருக்கும், வருகிற விருந்தினர் அத்தனை பேரிடமும் இருக்கும். டபிள்யூபிஏ2 என்ற வழக்கமான முறையில், பொதுக் கடவுச்சொல் தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டால், வைஃபை போட்ட மேல்பூட்டைத் திறந்துவிடலாம். உள்ளே எச்டிடிபிஎஸ் பூட்டு அப்படியே இருக்கும். வெளியே எழுதிய விலாசம் அவருக்கும் தெரியும். அதே பெயரில் இன்னொரு போலி வைஃபையை உருவாக்கி உங்களை அதில் இணையவைக்கவும் வழி உண்டு.

விபிஎன் செய்வது இந்த விலாசத்தை மறைப்பது. உங்கள் போனிலிருந்து விபிஎன் நிறுவனத்தின் சர்வர்வரை ஒரு குழாய். போவது வருவது எல்லாம் அதற்குள்ளே. ஹோட்டல் ரூட்டருக்குத் தெரிவது, இந்த போன் அந்த நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான். ஆனால் குழாயின் மறுமுனையில் இருப்பவருக்கு? ஹோட்டல்காரருக்குத் தெரிந்திருக்கக்கூடியது அத்தனையும் இப்போது அவருக்குத் தெரியும். உறவுக்காரரிடம் இருந்த சாவியை வாங்கி, முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம்.

சாவியை ஒருவரிடம் கொடுத்தே தீரவேண்டும் என்ற நிலையில் என்ன செய்வது என்பது நம் ஊருக்குப் புதிய கேள்வி இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள், கடலுக்கு அப்பால் பெட்டகச் சாவியை மேலாளிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே இருந்தார்கள். நல்ல மனிதர் என்று பேச்சில் கேட்டு ஒப்படைக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக இருந்து, கணக்கில் கை சுத்தம் என்று தெரிந்தவரைத்தான் மேலாளாக அனுப்பினார்கள். வழக்கமாக மூன்று வருடக் கணக்கு. முடிந்ததும் ஊர் திரும்பிப் பேரேட்டை ஒப்படைக்கவேண்டும். அவருக்கு எதிலிருந்து வருமானம் என்பதும் முன்கூட்டியே பேசி எழுதியிருக்கும். விபிஎன் நிறுவனத்தையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்: வருமானம் எங்கிருந்து, முதலாளி யார், கணக்கை வெளியாள் பார்த்தாரா, சோதனை வந்தபோது என்ன நடந்தது.

வருமானத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் போனில் இருந்தது இலவசச் செயலி. உலகம் முழுவதும் சர்வர் வைத்து நடத்த மாதாமாதம் பெரிய செலவு. உங்களிடம் வாங்காத காசை அவர் வேறெங்கோ வாங்குகிறார். 2013-இல் ஃபேஸ்புக், ஒனாவோ என்ற நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. ஒனாவோ புரொடெக்ட் என்ற பெயரிலேயே பாதுகாப்பு இருந்தது, இலவசம் வேறு. அதைப் போட்டுக்கொண்டவர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. போட்டி நிறுவனங்களின் வளர்ச்சியை அறிய அது உதவியது. 2018 ஆகஸ்டில் ஆப்பிளின் கடையிலிருந்து அது போனது, அடுத்த வருடம் கூகுளின் கடையிலிருந்தும். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், இதற்காக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்குச் சேர்த்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அது பெரிய நிறுவனம், மாட்டிக்கொண்டது. சின்னச் செயலிகள் எப்படி? 2016-இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து ஆண்ட்ராய்டில் இருந்த 283 விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீதம் எந்த மறைகுறியாக்கமும் செய்யவில்லை. குழாய் என்று சொல்லித் திறந்த வாய்க்காலைக் கொடுத்திருந்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளம் தென்பட்டது. 75 சதவீதத்தில் பயனரைக் கண்காணிக்கும் மூன்றாம் தரப்பு நிரல்கள் இருந்தன. பழைய ஆய்வுதான், அதில் இருந்த செயலிகள் பல இன்று இல்லாமலும் போயிருக்கும். ஆனால் கடைகளில் புதுப் பெயரில் வந்து நிற்பவற்றின் வருமான வழி மாறிவிடவில்லை.

"நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை" என்று எழுதியிருந்தால் நம்பலாமா? 2020 ஜூலையில் ஹாங்காங்கோடு தொடர்புடைய ஏழு விபிஎன் சேவைகளின் சர்வர் ஒன்று பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது. உள்ளே 1.2 டெராபைட் பதிவுகள், கடவுச்சொற்கள் உட்பட. ஏழுமே பதிவு வைப்பதில்லை என்று அறிவித்தவை. 2017-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துன்புறுத்தியவனைப் பிடிக்க, பியூர்விபிஎன் தன் இணைப்புப் பதிவுகளைக் கொடுத்து உதவியது. அவன் பிடிபட்டது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் பதிவே இல்லை என்று விளம்பரம் செய்த நிறுவனத்திடம் எடுத்துக் கொடுக்கப் பதிவு இருந்தது என்பதும் அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம். ஸ்வீடனில் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம். 2023 ஏப்ரல் 18 அன்று குறைந்தது ஆறு போலீஸ்காரர்கள் சோதனை ஆணையோடு அவர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள், வாடிக்கையாளர் விவரம் உள்ள கணினிகளை எடுத்துப்போக. அப்படி ஒரு விவரமே எங்களிடம் இல்லை என்று நிறுவனத்தார் தங்கள் முறையை விளக்கிக் காட்டினார்கள். வந்தவர்கள் எதையும் எடுக்காமல் திரும்பிப் போனார்கள். எடுத்துப் போயிருந்தாலும் கிடைத்திருக்கப் போவது ஒன்றுமில்லை, ஏனென்றால் முல்வாட் சேரும்போது பெயரோ மின்னஞ்சலோ கேட்பதே இல்லை; 16 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கிறது, அதுதான் கணக்கு. ஒரு மேலாளின் கை சுத்தத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பது என் எண்ணம்.

முதலாளி யார் என்ற கேள்வியை மாப்பிள்ளை அனுப்பிய விளம்பரத்தோடு சேர்த்துப் பாருங்கள். இணையத்தில் 'சிறந்த பத்து விபிஎன்' என்று தேடினால் வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை, அந்த இணைப்பைத் தொட்டு நீங்கள் வாங்கினால் தரகு பெறுபவை. அதையும் தாண்டி ஒன்று உண்டு. கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் 2018 வரை கிராஸ்ரைடர் என்ற பெயரில் இருந்தது. விளம்பரங்களைப் புகுத்தும் உலாவி நிரல்கள் அதன் தளத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டன என்ற கெட்ட பெயர் அதற்கு இருந்தது. அது 2017-இல் சைபர்கோஸ்ட், 2019-இல் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021-இல் 93.6 கோடி டாலருக்கு எக்ஸ்பிரஸ்விபிஎன் என்று ஒவ்வொன்றாக வாங்கியது. அதே 2021-இல், விபிஎன்களை மதிப்பிட்டுத் தரவரிசை போடும் புகழ்பெற்ற தளங்களை நடத்திவந்த நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. மாடு விற்கிறவரும் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்துச் சொல்கிறவரும் ஒரே வீட்டுக்காரர். அந்த விபிஎன்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் கேப் வாங்குவதற்கு முன்பே, கொடுக்கப் பதிவில்லை என்று அமெரிக்க வழக்குகளில் காட்டிய ஒன்று. ஆனால் அந்தப் பட்டியல்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மூன்று வருடத் தள்ளுபடியும் எனக்கு உடன்பாடில்லை. மேலாளுக்கு மூன்று வருடம் கொடுத்தது கணக்குக் கேட்கத்தான். இங்கே மூன்று வருடப் பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டால் கணக்குக் கேட்கும் பிடி நம்மிடம் இல்லை. அதற்குள் நிறுவனம் கைமாறலாம், கொள்கை மாறலாம். தள்ளுபடி முடிந்து புதுப்பிக்கும்போது விலை பல மடங்காக ஏறுவதும் வழக்கம். மாதாமாதம் கட்டுங்கள்.

வெளியாள் தணிக்கை பற்றி ஒரு சொல். நல்ல நிறுவனங்கள் தங்கள் செயலியின் மூலநிரலை எல்லோரும் பார்க்க வெளியிடும். வேறு பாதுகாப்பு நிறுவனங்களை அழைத்துச் சோதித்து அறிக்கையை முழுதாக வெளியிடும், குறைகளையும் சேர்த்து. நீங்கள் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்படி ஓர் அறிக்கை இருக்கிறதா, போன ஒன்றிரண்டு வருடத்தியதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு முறையாக வயர்கார்டு அல்லது ஓப்பன்விபிஎன் இருந்தால் போதும். வயர்கார்டு 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலிலேயே சேர்க்கப்பட்டது. சுமார் 4,000 வரிகளில் முடிந்துவிடுவதால் தவறு ஒளிய இடம் குறைவு. பிபிடிபி என்ற பழைய முறை இருந்தால் தொடவே வேண்டாம், அது உடைந்து பல காலம் ஆகிறது.

சட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். தனிநபர் விபிஎன் பயன்படுத்தக்கூடாது என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் நிர்வாகம் தற்காலிகத் தடை போட்டது உண்டு. அது அந்தந்த இடத்துக்கும் காலத்துக்கும் மட்டும். செட்டிநாட்டில் உட்கார்ந்து கணக்கு அனுப்புகிற உங்களுக்கு அச்சம் வேண்டாம். ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணையை அறிந்துகொள்வது நல்லது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், ஐபி முகவரி (இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் எண்), எதற்காக வாங்கினார் என்பது உட்பட 5 வருடம் வைத்திருக்கவேண்டும் என்றது அது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க், புரோட்டான் விபிஎன் எல்லாம் அந்த வருடமே இந்தியாவில் இருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. இன்றைக்கு அவற்றில் 'இந்தியா' என்று ஒரு தேர்வு இருந்தால், சர்வர் சிங்கப்பூர் போன்ற வேறு இடத்தில் இருந்துகொண்டு இந்திய முகவரியைக் காட்டுகிறது என்று பொருள்.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. இணையக் குற்றங்களால் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். துப்புத் துலக்கப் போலீசுக்குத் தடயம் வேண்டும். ஆனால் குற்றம் செய்யாத கோடிப் பேரின் பெயரையும் முகவரியையும் 5 வருடம் ஒரே இடத்தில் குவித்து வைத்தால், அதுவே திருடர்களுக்குப் புதையல். என்னைக் கேட்டால், உங்கள் விவரத்தைச் சேர்த்தே வைக்காத நிறுவனம்தான் உங்களுக்கு நல்லது.

இனி உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். வங்கிக்கு விபிஎன் வேண்டாம். உங்கள் வங்கிச் செயலி திறக்க மறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: விபிஎன் போட்டதும் நீங்கள் கானாடுகாத்தானில் இல்லாமல் எங்கோ வெளிநாட்டிலிருந்து நுழைவதுபோல வங்கிக்குத் தெரியும்; அது சந்தேகப்படுவது சரியே. பணம் பார்க்கும்போதும் அனுப்பும்போதும் விபிஎன், வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு, முகப்புத் திண்ணைக்கு வந்து மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். அங்கே ஒரு கோடு சிக்னல் வந்தாலும் போதும், வங்கி வேலைக்கு அதிக வேகம் தேவையில்லை.

மற்ற வேலைகளுக்கு, ஹோட்டல் வைஃபையில் எதைத் தேடுகிறீர்கள், எந்த மருத்துவரைப் பார்க்கிறீர்கள் என்பது உங்களோடு இருக்கவேண்டும் என்று நினைத்தால், நான் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். இலவசம் வேண்டாம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வதற்குக் காரணம், அங்கே வருமான வழி வெளிப்படை. காசு கட்டுகிறவர்களின் பணத்தில் இலவசத் திட்டம் நடக்கிறது. விளம்பரம் கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. ஒரு கருவியில்தான் போடலாம், நாட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கூட்ட நேரத்தில் வேகம் குறையும். சுவிட்சர்லாந்து நிறுவனம், 2020 முதல் அதன் செயலிகளின் மூலநிரல் திறந்தே இருக்கிறது, 2024 முதல் லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்று அதன் முதன்மைப் பங்குதாரர். வேகம் போதவில்லை என்றால் முல்வாட். மாதம் 5 யூரோ, நம் பணத்தில் சுமார் 500 ரூபாய். ஒரு மாதம் கட்டினாலும் ஒரு வருடம் கட்டினாலும் மாத விலை ஒன்றேதான், 2009-இலிருந்து மாறாத விலை. தள்ளுபடி ஆசை காட்டாத கடை என்பதாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை. எதுவானாலும் கூகுள் பிளே கடையில் பெயரை நிதானமாகப் படித்து, நிறுவனத்தின் பெயரையும் பார்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் யார் அனுப்பிய கோப்பிலிருந்தும் நிறுவாதீர்கள்.

போட்ட பிறகு ஒரு வேலை பாக்கி. அதே அமைப்புகள் பகுதியில் பல்சக்கரத்தைத் தொட்டால் 'எப்போதும் இயங்கும் விபிஎன்' என்றும், 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்றும் இரண்டு தேர்வுகள் உண்டு. ஹோட்டலில் இருக்கும்போது இரண்டையும் போட்டுவைத்தால், குழாய் நடுவில் அறுந்தாலும் அநேகமாக எதுவும் வெளியே சிந்தாது. காரைக்குடி ஜங்ஷனில் மட்டும் கொஞ்சம் வேறு. ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் நடத்தும் ரயில்வயர் வைஃபையில் முதலில் போன் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு நுழையவேண்டும். தினம் முதல் 30 நிமிடம் இலவசம். அந்த நுழைவுப் பக்கம் விபிஎன் இயங்கும்போது வராது. தடுப்பை எடுத்துவிட்டு நுழைந்து, இணைந்த உடனே விபிஎன்னைப் போடுங்கள். அந்த ஓடிபி வைஃபைக்கு மட்டுமே. வங்கி விவரமோ ஆதார் எண்ணோ கேட்கும் வைஃபைப் பக்கம் எதுவானாலும் போலி என்றே வைத்துக்கொண்டு மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளை மடிக்கணினியில் விபிஎன் பயன்படுத்துகிறவர் என்றால் அவருக்கும் ஒரு செய்தி. 2024 மே மாதம் லெவியத்தன் செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டனல்விஷன் என்ற ஓட்டையை விளக்கினார்கள். வைஃபையை நடத்துகிறவர் நினைத்தால், கணினியிலிருந்து போகும் தகவலை விபிஎன் குழாய்க்கு வெளியே திருப்பிவிட முடியும். ஆண்ட்ராய்டு போனை அது பாதிக்காது. விண்டோஸையும் மேக்கையும் பாதிக்கும். அறிமுகமில்லாத வைஃபையில் மடிக்கணினியைத் திறப்பதைவிட, அவர் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை வேறு, ஆச்சி. தனியாக இருக்கும் பெரியவர்களின் பணம் வைஃபை வழியாகப் போவதை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. போனில் கூப்பிட்டு "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்கிறார்கள், போலீஸ் உடையில் வீடியோவில் வந்து "கைது" என்று மிரட்டுகிறார்கள், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பை அனுப்புகிறார்கள். உலகத்தின் சிறந்த விபிஎன்னும் அதில் ஒன்றைக்கூடத் தடுக்காது. அப்படி ஏதாவது நடந்து பணம் போனால் வெட்கப்பட்டு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. இந்த எண்ணை எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தெருவில் தனியாக இருக்கும் மற்ற ஆச்சிமாருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, உங்கள் சிக்கலின் வேர் அந்தக் கனத்த சுவர்கள் என்று தோன்றியது. தினமும் சாயங்காலம் இன்னொரு வீட்டுக்குப் போய்த்தான் மகன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற நிலை மாறினாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். ஏழு புள்ளிக்கும் பொதுவான வீடு, வருகிறவர்கள் எல்லோருக்கும் இணையம் வேண்டும். வெள்ளையடிப்புச் செலவோடு ஒரு ஃபைபர் இணைப்பையும் பொதுக்கணக்கில் சேர்க்கலாமே. வளவு வாசல் திறந்த வெளி என்பதால் ரூட்டரைப் பத்தியில் ஒரு தூணில் உயரமாக மாட்டினால் சுற்றுப்பத்தி முழுவதும் கிடைக்கும். இரண்டாம் கட்டுக்கு இன்னொரு சிறு கருவியை வயர் இழுத்து வைக்கவேண்டி வரும், சுவரைத் தாண்டி அலை போகாது. சுவரில் துளை போட வேண்டாம், தண்ணீர்க் குழாய் போகும் வழியிலேயே வயரைக் கொண்டுபோகலாம். ரூட்டரோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, விருந்தாளிகளுக்குத் தனிப் பெயரில் ஒரு வைஃபை வைத்துவிடுங்கள். அந்த வேலையைத் தம்பி மகனிடமே கொடுக்கலாம். அவருக்கு அக்கறை இருக்கிறது. அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் கூடும்போது பேசிப்பாருங்கள். தொகை எவ்வளவு ஆகும் என்று போட்டுக் காட்டவேண்டும் என்றால் வீட்டின் வரைபடத்தை அனுப்புங்கள், எத்தனை கருவி தேவைப்படும் என்று நான் எழுதித் தருகிறேன்.